துவைக்காத துணி

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பை அந்த ஓரமா உட்ருங்க, வெளிய குழாய் இருக்குது, காலைக் கழுவிக்கலாம். கழுவித்தான் ஆகோணும்னு சொல்லலீங்க. கழுவுனீங்கன்னா எனக்கு ஒரு நிம்மதி. என்ற ஊடு அப்படி. இந்தத் தெருவுல யாரை வேணா கேளுங்க, தெய்வானை ஊட்டுத் தரையில சோத்தைப் போட்டுத் திங்கலாம்னு சொல்லுவாங்க.

உக்காருங்க. பல்லடத்துல இருந்தா வர்றீங்க? பஸ்ஸு கூட்டமா இருந்திருக்குமே. நீங்க போன்ல பேசுனப்பவே வெளங்கிப்போச்சுங்க, நாய் விசயமாத்தான் வர்றீங்கன்னு. உங்கூட்டுக்காரருக்குத்தானே? சரி சரி, பேரைச் சொல்ல வேண்டாம். எங்கூட்டுல அதுக்கு மயக்கம்னுதான் பேரு. பத்து வருசமா மயக்கந்தான். அந்தப் பேரைச் சொன்னா செவுத்துக்குக்கூடக் காது வந்துரும்.

எத்தனை வயசாகுது அவருக்கு? முப்பத்தி நாலா. தறிக்குடோன்லயா வேலை? ஓடற தறிக்குப் பக்கத்துலயா? ஐயோ சாமி. மொதலாளி இனி வர வேண்டாம்னுட்டாரா. அவரு சொல்றதும் நியாயந்தான், தறியில உழுந்தா யாரு பதில் சொல்றது? அதுதான் நாய் கேக்கறீங்க. முன்கூட்டியே சொல்லிட்டா, தள்ளி வந்து கீழ உக்காந்துக்கலாம், மொதலாளிகிட்டயும் பேசிப் பாக்கலாம். யோசனை நல்ல யோசனைதான்.

ஆனா நாய் பழக்கிக் குடுக்கற அந்த அந்தோணிராஜ்கிட்ட மட்டும் போயிராதீங்க. உங்களுக்கு மட்டும் சொல்லலை, எல்லார்த்துகிட்டயும் இதைத்தான் சொல்லிட்டிருக்கறேன். ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வர்றவங்க சேந்து போன்ல ஒரு குரூப்பு வெச்சிருக்கறோம்ல, அதுலயும் போட்டேன். அதைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? பாத்தீங்களா. நாலு பேரு ஏமாறாம இருக்கட்டும்னுதான்.

என்ற புள்ளை தரணிக்கு இருவத்தி நாலு ஆகுதுங்க. பனியன் கம்பெனியில ஆபீஸ் வேலை. இப்பப் போறதில்லை, மாடியிலதான் இருக்கறா. பதினாலு வயசுல மொத மயக்கம். அன்னைலேர்ந்து அவ கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் தண்ணி வாத்துக்கிட்டதே இல்லீங்க. கதவைச் சும்மா சாத்திக்குவா, நான் வெளிய நிப்பேன். “தரணி”ம்பேன். “ம்”ம்பா. கொஞ்சங் கழிச்சு மறுக்கா “தரணி”. “ம்”. இப்படியே குளிச்சு முடிப்பா. அது எனக்கு ஒரு பெரிய விசயமாவே படலீங்க. புள்ளைக்காக வெளிய நிக்கறோம், இதுல என்ன இருக்குதுன்னு.

அந்த மனுசன்கிட்ட மொதமொதல்ல போனப்ப, “நாய் வந்துச்சுன்னா நீ என்னம்மா பண்ணுவே?”ன்னு அவளைக் கேட்டாரு. வேலைக்குப் போவேன், பஸ்ஸுல தனியாப் போவேன்னு ஏதாச்சும் சொல்லுவான்னு நான் பாத்தா, “தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பேன் சார்”ங்கறா. எனக்குச் சுருக்குன்னுச்சு. வெளியாள்கிட்டப் போயி இதையா சொல்றது?

அவரு போலீசு நாய்ப்படையில இருந்து ரிட்டையர்டு ஆனவரு. அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல வெச்சு நாய் பழக்கறாரு. நாய்க்கெல்லாம் தானியப் பேருதான் வெப்பாரு. வரகு, சாமைன்னு. எங்களுக்குக் குடுத்ததுக்குத் தினைன்னு பேரு, பொட்டை நாயி, நெறமும் தினை மாதிரியேதான் இருக்கும். மயக்கம் வர்றதுக்கு முன்னாடி ஒடம்புல ஒரு வாசம் மாறுமாம். நம்ம மூக்குக்குத் தெரியாதாம், நாய்க்குத் தெரியுமாம். தெரிஞ்சா வந்து மடிமேல முன்னங்காலை வெக்கும். அதுதான் சைகை. கால் வெச்சா, இருக்கற எடத்துலயே கீழ உக்காந்துக்கோணும்.

தினை வந்த பதினெட்டாம் நாளு. காலையில எட்டு மணி இருக்கும். தரணி துண்டை எடுத்துட்டுப் போனா, நாய் அவளைச் சுத்தி ஒரு மோப்பம் புடிச்சுது, பேசாமப் படுத்துக்கிச்சு. “பாத்தியாம்மா, ஒன்னும் சொல்லலை”ன்னு சிரிச்சுட்டே உள்ள போயித் தாழ்ப்பாள் போட்டா. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்குதுங்க. பாட்டுப் பாடிக்கிட்டே குளிச்சா. பாட்டு நின்னுது. பக்கெட்டு உருண்டுது.

கதவை ஒடைச்சுத்தான் எடுத்தோம். குழாய்ல மோதி நெத்தியில ஏழு தையல். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் என்ன கேட்டாங்கறீங்க? “தினை சொல்லலையேம்மா”ன்னா. அதைத்தான் கேட்டா. “அந்த ஆளு ஏமாத்திட்டான் கண்ணு”ன்னேன். நாயை வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான் கதை. அன்னைக்கு மாடியேறுனவ, இன்னும் எறங்கி வெளிய போகலை.

என்னங்க? போயிட்டுத்தான் வர்றீங்களா? அன்னூருக்கா? முந்தாநேத்தா?

என்ன சொன்னாரு?

இனிமே மயக்கத்துக்கு நாய் பழக்கறதே இல்லைன்னுட்டாரா. ஒரு புள்ளைக்கு அடி பட்டுருச்சு, அந்த வித்தை எனக்குக் கைவரலைன்னா சொன்னாரு? என்னைப் பத்தி என்ன சொன்னாரு? கெட்டதா ஒன்னுமே சொல்லலைங்களா? தப்பு பூராவும் தன்னோடதுதான், அந்தம்மா மேல தப்பில்லைன்னாரா.

தினை எப்படி இருக்குது? கூண்டுல கெடக்குதா. தப்பா வாசம் சொல்ற நாயை இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டேன்னுட்டாரா.

அப்ப உங்கூட்டுக்காரருக்கு?

இருங்க, காப்பி கொண்டாறேன். இல்லைங்க, நீங்க உக்காருங்க, எனக்கு அடுப்படியில போயி ஒரு நிமிசம் நின்னுட்டு வரோணும்.

எடுத்துக்கங்க. சர்க்கரை கம்மியா இருந்தாச் சொல்லுங்க.

அம்மிணி, ஒன்னு கேக்கறேன், சொல்லுங்க. உங்கூட்டுக்காரருக்கு வந்து அடங்குனதும் மொதல்ல நீங்க என்ன பண்ணுவீங்க? பக்கத்துல உக்காந்துக்குவீங்களா. தலையை மடியில வெச்சுக்குவீங்களா.

நான் துவைப்பேனுங்க.

தப்பா நெனைக்காதீங்க. சில நேரம் அவளுக்குத் துணியிலயே போயிரும். வாயில நுரை வந்து கழுத்தெல்லாம் வழிஞ்சிருக்கும். அவளை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, நைட்டியை மாத்தி, சோப்புத்தண்ணியில ஒடம்பைத் தொடைச்சு, பவுடர் போட்டு, தரையைப் பினாயில் ஊத்திக் கழுவி, ஊதுபத்தி பொருத்திருவேன். கால்மணி நேரந்தான். அவ தெளிஞ்சு பாக்கறப்ப ஊட்டுல ஒன்னுமே நடந்திருக்காது. அந்த நேரத்துல யாராச்சும் சொந்தக்காரங்க, ஒரம்பரைன்னு வந்தாக்கூட, புள்ளை தூங்கறான்னு சொல்லி உக்கார வெச்சுருவேன். எங்கூட்டுக்காரரோட அக்கா நாலு தெரு தள்ளித்தான் இருக்கறாங்க, பத்து வருசத்துல அவங்களுக்கே தெரியாது. அதுல எனக்கு ஒரு பெருமைகூட இருந்துதுங்க. கெட்டிக்காரின்னு என்னை நானே மெச்சிக்குவேன்.

அந்தோணிராஜ் சாரு ஆறு கவரு குடுத்திருந்தாரு. காயத்துக்குக் கட்டற வெள்ளைத் துணி உள்ள இருக்கும். “மயக்கம் வந்த உடனே நெத்தி, கழுத்து, உள்ளங்கை, மூனையும் இதுல தொடைச்சு, மூடி, பிரிட்ஜுல ஐஸ் வெக்கற எடத்துல வெச்சிருங்கம்மா. கழுவிராதீங்க, சோப்புப் போட்டுராதீங்க. அந்த வேர்வைதான் இந்த நாய்க்குப் பாடப்புஸ்தகம்”னாரு. அவ நல்லா இருக்கற நாள்ல எடுக்கற வேர்வைக்கு வேற ஆறு கவரு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாய் கத்துக்கோணுமாம்.

மொத தடவை மறந்துபோச்சுங்க. சத்தியமா மறந்துதான் போச்சு. கை பழக்கம். துவைச்சு, தொடைச்சு, பவுடர் போட்டு, ஊதுபத்தி பொருத்தறப்பத்தான் கவரு ஞாவகம் வருது. புள்ளை மேல சோப்பு வாசந்தான் இருக்குது. நானோ தொப்பலா நனைஞ்சு கெடக்கறேன். பயத்துல வந்த வேர்வை, எவளாச்சும் வந்துருவாளோன்னு வந்த வேர்வை. இவ ஒடம்பு என்ற வயித்துல இருந்து வந்ததுதானே, ஒரே ரத்தந்தானே, வேர்வை மட்டும் வேறயா இருக்கப்போகுதுன்னு என்ற நெத்தியைத் தொடைச்சுக் கவருல போட்டு மூடிட்டேன்.

சிரிக்கறீங்களா? சிரிங்க. எட்டாவது படிச்சவ புத்தி அவ்வளவுதான்.

இல்லைங்க, அதுவும் பொய். எட்டாவதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. மறந்து செஞ்சது ஒன்னுதான். மீதி அஞ்சும் தெரிஞ்சேதான் செஞ்சேன். ஒவ்வொரு தடவையும் கவரைக் கையில எடுப்பேன், அவ பக்கத்துல உக்காருவேன், அந்த நாத்தம் வரும். இதை மூடிக் கொண்டுபோயி அசலூரு ஆம்பளை கையில குடுக்கோணும், அவரு தொறப்பாரு, நாயெல்லாம் சுத்தி நின்னு மோந்து பாக்கும்னு நெனைச்சா எனக்கு மேலு கூசுமுங்க. பெத்து வளத்து, ஒரு அழுக்கு யார் கண்ணுலயும் படாம வெச்சிருந்த புள்ளை. அதனால அவளைக் கழுவிப்போட்டு, என்னைத் தொடைச்சுக் கவருல போட்டேன். ஆறு கவரு மேலயும் தேதி எழுதி, தரணி, மயக்கம்னு என்ற கையெழுத்துல எழுதிக் குடுத்தேன்.

நாலு மாசங் கழிச்சுப் பரீட்சை வெக்கறேன் வாங்கன்னு கூப்பிட்டாரு. தகர டப்பா பத்து வரிசையா வெச்சிருந்தாரு. ஒன்னுலதான் மயக்கத் துணி, மத்ததுல சாதா வேர்வை, வேற ஆளுக வேர்வை. தினை ஒவ்வொன்னா மோந்துட்டே போயி ஆறாவது டப்பா முன்னால உக்காந்துது. அதுதான் சரி. டப்பாவை எடம் மாத்தி மாத்தி வெச்சாரு. எத்தனை மாத்துனாலும் சரியாப் போயி உக்காந்துது. தரணி அழுகறா அம்மிணி, சந்தோசத்துல. அந்தாளு கண்ணுலயும் தண்ணி. அப்பவாச்சும் நான் சொல்லிருக்கோணும். வாய் வரைக்கும் வந்துது. நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? கை தட்டுனேன்.

டப்பாவை உட்டுட்டு அந்த நாய் நேரா என்றகிட்ட வந்துது. மடிமேல காலை வெச்சுது. “பாருங்க, அம்மாவை இதுக்குப் புடிச்சுப்போச்சு”ன்னு சாரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

ஊட்டுக்கு வந்தப்பறம் என்னை உடவே இல்லீங்க. எங்கூட்டுக்காரரோட அக்கா வர்றாங்கன்னு போன் வந்தாப் போதும், ஓடி வந்து என்ற மேல கால் வெக்கும். மாப்பிள்ளை விசயமாத் தரகரு வந்து உக்காந்து, “புள்ளைக்கு ஒடம்பெல்லாம் நல்லாத்தானே இருக்குது?”ன்னு கேட்டாரு, ஆமாங்கன்னு நான் சொல்லி முடிக்கல, மடிமேல காலு. “நாய் பாசமா இருக்குதே”ன்னாரு தரகரு. பாசமாம். நான் பொய் சொல்லி வேர்க்கறப்பெல்லாம் அது வந்து, கீழ உக்காரு, உக்காருன்னு சொல்லிட்டிருந்திருக்குது. அப்ப நானு, நாய்க்கு என்ன தெரியும், சோறு போடறவகிட்ட வருதுன்னு இருந்துட்டேன்.

அன்னைக்கு, அதான் அந்தப் பதினெட்டாம் நாளு, உங்ககிட்ட மொதல்ல பாதிதான் சொன்னேன். பக்கெட்டு உருண்டதும் நான் ஓடிப்போயிக் கதவைத் தட்டறேன், கத்தறேன். தினை எங்க நிக்குதுங்கறீங்க? கதவுகிட்ட இல்லை. என்ற இடுப்புல ரெண்டு காலையும் வெச்சு நிக்குது. தள்ளுனாலும் மறுபடி ஏறுது. ஓங்கி ஒரு ஒதை ஒதைச்சேன் அம்மிணி. செவுத்துல போயி மோதி உழுந்துது. எந்திரிச்சு, நொண்டிட்டே வந்து, மறுபடியும் என்ற மேலயே காலை வெச்சுது.

அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அங்க நின்னுட்டே ஆறு கவரும் ஞாவகம் வந்துருச்சு.

ரெண்டு நாள் கழிச்சு சாரு வந்தாரு. நீங்க உக்காந்திருக்கற நாற்காலியிலதான் உக்காந்தாரு. தினை என்ற மேல கால் வெக்கறதை ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. அப்பறம் மெதுவா, “அம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்தத் துணியெல்லாம் பாப்பாவைத் தொடைச்சதுதானே?”ன்னு கேட்டாரு. மரியாதையாத்தான் கேட்டாரு. நான் எந்திரிச்சு நின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துனேன். “வயித்துல பெத்த புள்ளை விசயத்துல பொய் சொல்லுவனா? உங்களுக்கு வித்தை தெரியலைன்னா என்ற மேல பழி போடுவீங்களா?”ன்னு. மனுசன் கையெடுத்துக் கும்புட்டாரு. “அப்படின்னா தப்பு என்னுதுதாம்மா”ன்னு சொல்லிட்டு, நாயைப் புடிச்சுட்டுக் கெளம்பிட்டாரு. அது திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போச்சு. அவரு தெருமொனை தாண்டறதுக்குள்ள நான் குரூப்புல எழுதிட்டேன், ஏமாத்துக்காரன்னு.

ஏன் எழுதுனேன்னா, அவரு மறுபடி ஒரு தடவை கேட்டாருன்னா நான் சொல்லிருவேனோன்னு பயம். அவரு பேச்சை ஒருத்தரும் நம்பாத மாதிரி பண்ணிட்டாத் தப்பிச்சுக்கலாம்னு. ஏழு தையலையும் என்ற புள்ளை என்னாலதான் வாங்குனான்னு அவளுக்குத் தெரிஞ்சா, அப்பறம் அவ மூஞ்சியை எப்படிப் பாக்கறது? மூனு மாசமா மாடிக்குச் சோறு கொண்டுபோறேன், தட்டை வெச்சுட்டு வந்தர்றேன். இப்ப மறுபடியும் கதவுக்கு வெளிய நின்னு “தரணி”ங்கறேன். “ம்”ங்கறா. முன்னெல்லாம் அதுல ஒரு கோவம் இருக்கும். இப்ப அதுகூட இல்லீங்க.

நீங்க ஏனுங்க அழுகறீங்க? அழுகாதீங்க. உங்கூட்டுக்காரருக்கு நாய் கெடைக்காமப் போனது என்னாலதான்னு நாலு வார்த்தை திட்டுங்க, கேட்டுக்கறேன். நீங்க வராம இருந்திருந்தா நான் இதை வெளிய சொல்லிருக்கவே மாட்டேன். தினமும் தரை கழுவிட்டு இருந்திருப்பேன்.

அவரு நம்பரு உங்ககிட்ட இருக்குதுங்களா? போடுங்க. என்ற போன்ல வேண்டாம், என்ற பேரைப் பாத்தா எடுக்க மாட்டாரு. உங்க போன்லயே போடுங்க. இப்பவே போடுங்க அம்மிணி, காப்பி ஆறுனா ஆறட்டும். ஒரு மணி நேரம் போச்சுன்னா நான் மாத்திப் பேசிருவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

தரணி. தரணி! எறங்கி வா. ஒன்னும் ஆகலை, யாருக்கும் ஒன்னும் இல்லை. வா.

இவங்க பல்லடத்துல இருந்து வந்திருக்கறாங்க கண்ணு. இவங்க ஊட்டுக்காரருக்கு வலிப்பு. ஆமா, வலிப்புன்னுதான் சொன்னேன். இப்படி உக்காரு. நான் போன்ல பேசறதை நீயும் கேளு. தனியாச் சொல்லச் சொன்னா எனக்குத் தைரியம் வராது. கேட்டு முடிச்சுட்டு என்னை என்ன வேணா பண்ணு.

ரிங் போகுதுங்களா? குடுங்க.

சார், வணக்கமுங்க. நான் திருப்பூர் தெய்வானை பேசறனுங்க. தரணியோட அம்மா. வெச்சராதீங்க சார், ஒரே நிமிசம். நீங்க அன்னைக்கு ஒன்னு கேட்டீங்கல்லங்க, துணி பாப்பாவைத் தொடைச்சதுதானேன்னு. இல்லீங்க சார். ஆறு துணியும் என்னைத் தொடைச்சதுங்க. அவளைக் கழுவிப்போட்டு என்ற வேர்வையைத்தான் குடுத்தேன். உங்க மேல தப்பே இல்லீங்க. குரூப்புலயும் அப்படியே எழுதிப்போடறேன், இவங்களை வெச்சுட்டே எழுதறேன். இவங்க ஊட்டுக்காரருக்கு முடியாதுன்னு சொல்லிராதீங்க சார்.

சார்? கேக்குதுங்களா?

தினையா? ஆமாங்க சார், என்ற மேல மட்டுந்தான் கால் வெச்சுது. இல்லீங்க. இல்லீங்க சார், அது தப்பாவே சொல்லலீங்க. ஒரு தடவைகூடத் தப்பாச் சொல்லலை.